காதொலிக் கருவிக்கு ஏற்ற மின்கலம்

காதொலிக் கருவி மின்கலம் என்பது, கேட்கும் திறன் குறைந்தவர்கள் அணியும் காதொலிக் கருவியை இயக்கும் சிறிய மின்கலம் (பேட்டரி) ஆகும். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை துத்தநாக-காற்று வகைப் பொத்தான் மின்கலங்கள். இவை தவிர, கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம்-அயனி மின்கலங்களும், எடுத்து மின்னேற்றும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலங்களும், சட்டைப்பையில் வைக்கும் பழைய வகைக் கருவிகளுக்கான பென்சில் மின்கலங்களும் வழக்கில் உள்ளன.

மின்கலத்தைத் தேர்ந்தெடுப்பது எளிய வேலையாகத் தோன்றும். கருவிக்குரிய எண்ணைச் சொன்னால் கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்துக் கொடுப்பார். ஆனால் நல்ல கருவியை வாங்கியவர்களில் பலர் அதை மேசை அறைக்குள் போட்டுவிடுவதற்கு மின்கலத் தொல்லையும் ஒரு காரணம். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது, புதிதாகப் போட்டும் பேசவில்லை, கதவுக்குள் நுழையவில்லை என்ற குறைகளுக்கெல்லாம் கருவியின் பழுதைவிடப் பொருந்தாத மின்கலமோ பொருந்தாத பராமரிப்போதான் பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். இராமேசுவரம் தீவிலுள்ள பாம்பன் போன்ற கடற்கரை ஊர்களில் இந்தத் தொல்லை கூடுதலாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அங்குள்ள காற்று. மற்றொன்று கடைக்குள்ள தூரம்.

பாம்பனின் காற்று

பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பருவத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசினாலும் அது கடலைக் கடந்துதான் ஊருக்குள் வருகிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அதோடு உப்புத் துகளும் சேர்ந்து வரும். உலோகத்தை அரிக்கும் சூழல்களுள் இது மிகக் கடுமையானது எனப் பொறியாளர்கள் கருதுகின்றனர். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் தொடருந்துப் பாலத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றியது ஓயாத பராமரிப்புதான். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் தனிவகைப் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மின்கலத்தையும் உலோக அரிப்பையும் ஒருசேர ஆராய்கிறது. அது தன் கடல்சார் அரிப்பு ஆய்வுக்கு ஓர் இடத்தைப் பாம்பனுக்கு எதிர்க்கரையான மண்டபத்தில் அமைத்துக்கொண்டது தற்செயல் அன்று.

பாலத்துக்கு வரும் காற்றுதான் காதுக்குப் பின்னால் இருக்கும் கருவிக்கும் வருகிறது. கருவியின் மின்கலத் தொடுமுனைகள் மெல்லிய உலோகத் தகடுகள். வியர்வையும் உப்பும் பட்டால் அவற்றில் வெண்பச்சை நிறக் களிம்பு ஏறும்.

கேட்கும் கருவி தேவைப்படுவோர் இத்தகைய ஊர்களில் இருப்பதற்கும் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. நெடுங்காலம் இயந்திர இரைச்சலில் வேலை செய்வோருக்கும், மூச்சடக்கி நீரில் மூழ்குவோருக்கும் காது பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. பாம்பனில் விசைப்படகு மீன்பிடிப்பும் உண்டு. சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தொழிலும் உண்டு.

காற்றை உண்ணும் மின்கலம்

துத்தநாக-காற்று மின்கலத்தின் உள்ளே எதிர்முனையாக இருப்பது துத்தநாகத் தூள். பிற மின்கலங்களில் நேர்முனைக்கு வேறொரு வேதிப்பொருளை உள்ளே அடைத்து வைப்பார்கள். இதில் அந்தப் பொருளே இல்லை. மேல் தகட்டிலுள்ள நுண்துளைகள் வழியே வெளிக்காற்றின் ஆக்சிசன் உள்ளே நுழைந்து அந்த வேலையைச் செய்கிறது. துத்தநாகம் ஆக்சிசனோடு சேர்ந்து துத்தநாக ஆக்சைடாக மாறும்போது மின்சாரம் கிடைக்கிறது. இடையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக்கரைசல் இருக்கும்.

நேர்முனைப் பொருளுக்கான இடம் மிச்சமாவதால் கலம் முழுவதையும் ஏறக்குறைய துத்தநாகத்தாலேயே நிரப்பலாம். ஒரு கிராம் துத்தநாகத்திலிருந்து கோட்பாட்டளவில் ஏறத்தாழ 820 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் பெற முடியும். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒன்று ஒரு வாரத்துக்கு மேல் கருவியை ஓட்டுவது இதனால்தான். காற்றிலிருந்து ஆக்சிசனை வாங்கிச் சேர்த்துக்கொள்வதால் இந்த மின்கலம் தீரத் தீர எடை சற்றே கூடும் என்பது ஒரு வேடிக்கை.

இந்தத் தத்துவம் 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடருந்துச் சைகை விளக்குகளுக்கும் கடல் மிதவை விளக்குகளுக்கும் பெரிய துத்தநாக-காற்று மின்கலங்கள் பயன்பட்டன. காதுக் கருவிக்கான பொத்தான் வடிவம் 1977இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவை பாதரச மின்கலங்கள்.

துளைகளை அடைத்து ஒட்டியிருக்கும் வண்ண ஒட்டுத்தாள்தான் இந்த மின்கலத்தின் மூடி. அதை உரித்த கணத்தில் காற்று உள்ளே போகத் தொடங்கும். உரித்தவுடன் மின்னழுத்தம் முழுமையாக இருக்காது. ஏறத்தாழ 5 நிமிடம் மேசைமேல் வைத்திருந்தால் 1.4 வோல்ட் அளவுக்கு உயரும். அதன் பிறகே கருவிக்குள் போட வேண்டும். உரித்தவுடன் கதவுக்குள் தள்ளி மூடிவிட்டு, கருவி பேசவில்லை என்று அடுத்ததை உரிப்பவர்கள் நல்ல மின்கலத்தை வீணாக்குகிறார்கள்.

ஒருமுறை உரித்துவிட்டால் ஒட்டுத்தாளைத் திரும்ப ஒட்டினாலும் வேதிவினை முழுதாக நிற்காது. கருவியை அணிந்தாலும் அணியாவிட்டாலும் சில வாரங்களில் மின்கலம் வலுவிழந்துவிடும். எனவே ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு மட்டும் கருவி அணியும் ஒருவருக்கு, நாள்தோறும் அணிபவரைவிட ஒரு மணி நேரத்துக்கான மின்கலச் செலவு மிகக் கூடுதலாகும்.

ஈரப்பதம் குறுக்கிடும் இடமும் அந்தத் துளைகள்தான். ஆக்சிசன் நுழையும் வழியில் நீராவியும் நுழையும், வெளியேறும். உள்ளிருக்கும் காரக்கரைசல், சுற்றுக்காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காடாக இருக்கும்போது சமநிலையில் நிற்கும். காற்று அதைவிட வறண்டிருந்தால் கரைசல் காயும். ஈரம் மிகுந்திருந்தால் கரைசல் நீரை உறிஞ்சிக் கொள்ளும். துத்தநாகம் ஆக்சைடாகும்போது பருமன் கூடும் என்பதற்காகக் கலத்துக்குள் சிறிது வெற்றிடம் விட்டிருப்பார்கள். நீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், காற்று படவேண்டிய பரப்பு நனைந்து மின்னோட்டம் குறையும். சில வேளை கலம் உப்பும், கசியும். பாம்பன் போன்ற ஊரில் நேர்வது இந்த இரண்டாவது நிலை.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஈரம் செய்யும் கேடு நாட்கணக்கில் சேர்வது. ஆகையால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் சிறு மின்கலத்தைவிட, மூன்று நான்கு வாரம் ஓடும் பெரிய மின்கலத்தையே கடற்கரைக் காற்று கூடுதலாகப் பாதிக்கும். பெட்டியில் அச்சிட்ட கொள்ளளவு பெரிதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வாங்குவது இங்கே அவ்வளவாகப் பயன் தராது.

எண்ணும் நிறமும்

உலகெங்கும் உற்பத்தியாளர்கள் நான்கு அளவுகளுக்குப் பொதுவான எண்ணும் நிறமும் வைத்துள்ளனர். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைச் சொல்லி வாங்கிவிடலாம் என்பதால் இது நல்ல ஏற்பாடு.

மஞ்சள் நிறம் 10ஆம் எண். விட்டம் 5.8 மி.மீ., உயரம் 3.6 மி.மீ. காதுக் குழாய்க்குள் மறையும் மிகச் சிறு கருவிகளுக்கு உரியது. கொள்ளளவு 100 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டி இருக்கும்.

பழுப்பு நிறம் 312. விட்டம் 7.9 மி.மீ., உயரம் 3.6 மி.மீ. இன்றைய மெல்லிய கருவிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. கொள்ளளவு 160 முதல் 180 வரை.

ஆரஞ்சு நிறம் 13. விட்டம் 312க்கு உள்ள அதே 7.9 மி.மீ.தான்; உயரம் மட்டும் 5.4 மி.மீ. காதுக்குப் பின் அணியும் நடுத்தரக் கருவிகளுக்கானது. கொள்ளளவு 300ஐ ஒட்டியது.

நீல நிறம் 675. விட்டம் 11.6 மி.மீ., உயரம் 5.4 மி.மீ. கடுமையான கேள்விக் குறைவுக்கான ஆற்றல் மிகுந்த கருவிகளில் பயன்படுவது. கொள்ளளவு 600க்கு மேல்.

அளவைக் கருவிதான் முடிவு செய்கிறது, அணிபவர் அல்லர். ஆனால் கருவி வாங்கும் முன்பே இந்த எண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. கை நடுங்கும் எழுபது வயதுக்காரருக்கு 10ஆம் எண் கருவியை வாங்கிக் கொடுப்பது, பார்வைக்கு அழகாக இருந்தாலும், அவரை வாரந்தோறும் பேரப்பிள்ளையின் உதவிக்குக் காத்திருக்க வைப்பதாகும். விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் 13 அல்லது 675 எண் கொண்ட கருவி கையாள எளிது. நாள்தோறும் வலை இழுத்துக் காய்ப்பு ஏறிய விரல்களுக்கும் அப்படியே.

312க்கும் 13க்கும் விட்டம் ஒன்றாக இருப்பதால், 13 கிடைக்காத நாளில் 312ஐ வைத்துக் காகிதம் மடித்து முட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. காகிதம் காற்றுத் துளையை அடைக்கும். தொடுமுனைத் தகட்டையும் வளைத்துவிடும். மின்கலம் மிச்சமாகலாம், கருவி போய்விடும்.

காக்ளியர் உள்வைப்புச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் வெளிக்கருவிகள் சிலவும் 675 அளவையே பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றுக்கு வழக்கமான நீல அட்டை போதாது. உள்வைப்புக் கருவி ஒரே நேரத்தில் இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு. அதற்கு ஈடுகொடுக்கக் கூடுதல் காற்று நுழையும் வகையில் தனியாகச் செய்யப்பட்ட 675 மின்கலம் உண்டு. அட்டையில் உள்வைப்புக்கு உரியது என்று குறித்திருக்கும். சாதாரண 675ஐப் போட்டால் கருவி அடிக்கடி அணைந்து எரியும். குழந்தைக்கு அது சொல்லத் தெரியாது என்பதால் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும்.

கடிகாரக் கடையில் நேரும் குழப்பம்

காதொலிக் கருவி மின்கலம் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. பாம்பனிலிருந்து மாவட்டத் தலைநகரான இராமநாதபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அவசரத்துக்கு ஒருவர் பக்கத்துக் கடிகாரக் கடைக்கோ மின்பொருள் கடைக்கோ போவது இயல்பு. அங்கேதான் பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது.

பன்னாட்டுத் தரக் குறியீட்டின்படி 312இன் பெயர் பி.ஆர்.41. உடல் வெப்பமானியில் போடும் கார மின்கலத்தின் பெயர் எல்.ஆர்.41. இரண்டுக்கும் அளவு ஒன்றே: 7.9 மி.மீ. விட்டம், 3.6 மி.மீ. உயரம். முதல் எழுத்து மட்டுமே வேறு. பி என்பது துத்தநாக-காற்று வகையையும் எல் என்பது கார வகையையும் குறிக்கும். அதேபோல் 675இன் பெயர் பி.ஆர்.44, பொம்மைகளிலும் கணிப்பான்களிலும் போடுவது எல்.ஆர்.44. இவையும் அளவில் ஒன்றே.

எல்.ஆர்.41 மின்கலம் 312 கருவிக்குள் சரியாக உட்காரும், கருவியும் பேசும். கடைக்காரரும் வாங்குபவரும் நிறைவடைவார்கள். ஆனால் அதன் கொள்ளளவு 312இன் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எல்.ஆர்.44க்கும் 675க்கும் இடையிலும் ஏறத்தாழ அதே ஏற்றத்தாழ்வு. மேலும் துத்தநாக-காற்று மின்கலம் முடியும் வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைத் தந்து கடைசியில் சட்டென்று விழும். கார மின்கலம் 1.5 வோல்ட்டில் தொடங்கி நாள் முழுக்கச் சரிந்துகொண்டே போகும். அணிபவருக்கு ஒலி மெல்ல மெல்ல மங்கும். காது மேலும் கெட்டுவிட்டதோ என்ற அச்சம் அப்போதுதான் வருகிறது.

இன்னொரு குழப்பம் 13ஆம் எண்ணில் உள்ளது. கடிகாரக் கடைகளில் எல்.ஆர்.44க்கு ஏ.ஜி.13 என்றும் ஒரு பெயர் உண்டு. "13 நம்பர் பேட்டரி" என்று கேட்டால் ஏ.ஜி.13ஐ எடுத்துக் கொடுக்க வாய்ப்பு மிகுதி. அதன் விட்டம் 11.6 மி.மீ. என்பதால் 13ஆம் எண் கருவியில் நுழையவே நுழையாது. அழுத்தி நுழைத்தால் கதவு உடையும். வாங்கும்போது எண்ணோடு நிறத்தையும் சொல்வது, அல்லது பழைய மின்கலத்தின் ஒட்டுத்தாளைக் கையில் கொண்டுபோவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். மின்கலத்தின் மேல் தகட்டில் ஊசிமுனை அளவுத் துளை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். துளை இல்லாதது துத்தநாக-காற்று வகை அன்று.

எத்தனை நாள் வரும்

கொள்ளளவைக் கருவி இழுக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். 170 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 312 மின்கலத்தை, 1.5 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவியில் போட்டால் ஏறத்தாழ 113 மணி நேரம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் அணிந்தால் 9 நாள். இரு காதுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 80 மின்கலம் தேவைப்படும். கருவியின் விலையைக் கேட்கும் குடும்பங்கள் இந்த 80ஐயும் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இது தாளில் வரும் கணக்கு. கேள்விக் குறைவு கடுமையாக இருந்தால் கருவி கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். கைப்பேசி அழைப்பையும் தொலைக்காட்சி ஒலியையும் கம்பியில்லாமல் கருவிக்குள் கேட்கும் வசதியைப் பயன்படுத்தினால் நாட்கள் இன்னும் குறையும். ஈரக்காற்றின் பங்கு அதற்கு மேல். ஆகவே கணக்குப்படி 9 நாள் வரவேண்டியது 7 நாளில் தீர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. 9 நாள் வந்துகொண்டிருந்தது திடீரென 3 நாளாகக் குறைந்தால் அது மின்கலத்தின் குற்றமாக இருக்காது. கருவிக்குள் ஈரம் புகுந்திருக்கலாம், தொடுமுனையில் களிம்பு ஏறியிருக்கலாம்.

மின்கலத்தில் மிச்சம் எவ்வளவு என்பதை மின்னழுத்தமானி கொண்டு அறிய முயல்வது பெரும்பாலும் பயனற்றது. கடைசி நாளிலும் அது நல்ல அளவையே காட்டும். எளிய சோதனை வேறு உண்டு. கருவியை இயக்கி உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் விசில் போன்ற ஒலி வரும். வந்தால் மின்கலம் உயிரோடு இருக்கிறது. ஒலிப் பின்னூட்டத்தை அடக்கும் புதிய கருவிகள் சிலவற்றில் இந்த விசில் மிக மெல்லியதாக இருக்கும்.

அட்டையில் பார்க்க வேண்டியது

ஒட்டுத்தாள் உரிக்காத மின்கலம் பொதுவாக 3 முதல் 4 ஆண்டு வரை கெடாது. அட்டையின் பின்புறம் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். விற்பனை மெதுவாக நடக்கும் சிறுநகரக் கடையில் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்கில் தொங்கிய அட்டைக்குக் காலாவதித் தேதி மிச்சமிருந்தாலும் நம்பகம் குறைவு. வெப்பம் தன்னிழப்பை விரைவாக்கும். ஒட்டுத்தாளின் பசையையும் தளர்த்தும்.

தூரத்தை நினைத்து ஓராண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்குவதைவிட, மூன்று மாதத்துக்கு உரியதை வாங்குவது மேல். புயல் காலமான அக்டோபருக்கு முன் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. வெளியே எடுக்கும்போது அதன்மேல் நீர் பூக்கும். சட்டைப்பையில் சில்லறைக் காசோடும் சாவியோடும் போடுவதும் கூடாது. உலோகம் இரு முனையையும் தொட்டால் மின்கலம் தானே சூடாகித் தீரும்.

மின்னேற்றும் வகைகளும் மின்தடையும்

லித்தியம்-அயனி மின்கலம் கருவிக்குள்ளேயே மூடப்பட்டிருக்கும். இரவில் 3, 4 மணி நேரம் பெட்டியில் வைத்தால் மறுநாள் முழுவதும் ஓடும். கடற்கரைக்கு இது இரண்டு வகையில் ஏற்றது. காற்றுத் துளை கிடையாது. வாரந்தோறும் திறக்கும் கதவும் கிடையாது. உப்பும் வியர்வையும் நுழையும் வழி அடைபடுகிறது. நடுங்கும் விரல்களுக்கும் இதுவே எளிது. மறுபக்கம், 4, 5 ஆண்டில் மின்கலம் தளரும்போது பெரும்பாலான கருவிகளை நிறுவனத்துக்கு அனுப்பியே மாற்ற வேண்டும். மின்னேற்றும் பெட்டியின் உலோக முனைகளும் களிம்பு ஏறக்கூடியவை.

இதைவிடப் பெரிய கேள்வி மின்சாரம். புயல் நெருங்கும்போது பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். அது கண்ணால் காணும் எச்சரிக்கை. ஆனால் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், எந்த முகாமுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒலிபெருக்கியிலும் அண்டை வீட்டார் குரலிலும்தான் வந்து சேரும். கடற்கரை ஊர்களில் மின்சாரம் முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்படுவதும் அந்த நேரத்தில்தான். லித்தியம் கருவி அணிந்தவர் இரண்டாம் நாள் கேட்கும் திறனை இழந்து நிற்பார். 1964 டிசம்பரில் தனுசுகோடியை அழித்த புயலையும், 2020 டிசம்பரில் பாம்பனை நெருங்கி வலுவிழந்த புரெவியையும் அறிந்த ஊரில் இதை ஒதுக்கிவிட முடியாது. கைப்பேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்கில் இணைக்கத்தக்க மின்னேற்றுப் பெட்டி உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. பழைய துத்தநாக-காற்றுக் கருவியைத் தூக்கியெறியாமல், உரிக்காத அட்டை ஒன்றோடு மாற்றுக் கருவியாக வைத்திருப்பது இன்னொரு வழி. ஓரிரவு கடலில் தங்கி மறுநாள் கரை திரும்பும் மீனவருக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலம் 312, 13, 675 அளவுகளில் கிடைக்கிறது. எடுத்து மின்னேற்றித் திரும்பப் போடலாம். மின்னழுத்தம் 1.2 வோல்ட். கொள்ளளவு அதே அளவுள்ள துத்தநாக-காற்று மின்கலத்தில் மிகச் சிறு பங்குதான் என்பதால் நாள்தோறும் மின்னேற்ற வேண்டும். ஆனாலும் வாங்கிக்கொண்டே இருக்கும் செலவு இல்லை. சூரிய ஒளியில் இதை மின்னேற்றும் சிறு கருவிகள் ஆப்பிரிக்காவின் போட்சுவானாவில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவின. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதுக்குப் பின் அணியும் காதொலிக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. சூரிய ஒளியால் மின்னேற்றும் மின்கலங்கள் வழங்குவதும் அத்துறையின் திட்டங்களுள் ஒன்று. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இது பொருத்தமான வழி. ஒரு கட்டுப்பாடு உண்டு: துத்தநாக-காற்று மின்கலத்தை எந்த மின்னேற்றுப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அது வெடித்துக் கசியலாம்.

சட்டைப்பைக் கருவி இன்னும் முழுதாக வழக்கொழியவில்லை. 1981 முதல் நடைமுறையில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்கும் மத்திய அரசுத் திட்டத்தின் வழியாகவும் இவை பலரைச் சென்றடைந்தன. சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பென்சில் மின்கலமே இதற்கும். தங்கச்சிமடத்தின் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஒன்று என்பது இதன் பெருமை. சிவப்பு அட்டையில் மலிவாக வரும் கார்பன்-துத்தநாகக் கட்டையைவிடக் கார வகை நீடித்து உழைக்கும், கசிவதும் குறைவு. தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டுவைப்பதுதான் இந்தக் கருவிகளின் முதல் எதிரி.

ஈரத்திலிருந்து காத்தல்

இரவில் மின்கலக் கதவைத் திறந்து வைப்பது இரு பயன் தரும். மின்னோட்டம் நிற்கும், பகலில் சேர்ந்த ஈரம் வெளியேறும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட இறுக்கமான டப்பாவில் கருவியை வைப்பது கடற்கரை வீடுகளில் மிகவும் வேண்டியது. ஆனால் அதற்குள் துத்தநாக-காற்று மின்கலத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது. சிலிக்கா அதன் உள்ளிருக்கும் நீரையும் இழுத்துவிடும். கலத்தை எடுத்துத் தனியே, சமையலறை ஆவி படாத இடத்தில் வைக்க வேண்டும். நிறம் மாறும் சிலிக்கா மணிகளை மெல்லிய சூட்டில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். சிலர் அரிசிப் பானைக்குள் புதைக்கிறார்கள்; அரிசித் தவிடு ஒலிவாங்கித் துளையை அடைக்கும்.

தொடுமுனைகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். மின்கலத்தை மாற்றும் விரலில் ஈரமோ தேங்காய் எண்ணெயோ இருக்கக் கூடாது. காதில் சீழ் வடிபவர் மின்கலம் விரைவில் தீர்வதைப் பற்றிக் கடையில் விசாரிப்பதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விழுங்கினால்

பொத்தான் மின்கலம் ஈரமான உடல் திசுவைத் தொட்டால் அங்கே மின்னோட்டம் பாய்ந்து காரத்தை உருவாக்கி, சில மணி நேரத்தில் புண்ணாக்கும். குழந்தைகள் வாயிலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். முதியவர்கள் மாத்திரை என்று எண்ணி விழுங்கிய நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. எனவே மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் மின்கல அட்டையை வைக்கக் கூடாது. கேட்கும் கருவி அணியும் குழந்தைகளுக்கு, பூட்டு வைத்த மின்கலக் கதவு உள்ள கருவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும், அல்லது ஊடுகதிர்ப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காதில் அல்லது மூக்கில் சிக்கினால் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடக் கூடாது. நீர்மம் பட்டால் சேதம் பெருகும். மின்கலத்தின் எண் அச்சிட்ட அட்டையைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும். தீர்ந்த மின்கலத்திலும் இந்த ஆபத்து மிச்சம் இருக்கும்.

தீர்ந்தவை

பழைய பொத்தான் மின்கலங்களில் பாதரசம் இருந்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் இணைந்துள்ளது. பாதரசமற்றது என்று குறித்த அட்டையே இன்று பரவலாகக் கிடைக்கிறது. 2022இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கு விதிக்கின்றன. நடைமுறையில், ஆண்டுக்கு 80 மின்கலத்தையும் குழந்தைக்கு எட்டாத ஒரு மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கருவியைப் பழுது பார்க்கவோ அடுத்த அட்டை வாங்கவோ இராமநாதபுரம் போகும்போது விற்பனை நிலையத்தில் கொடுத்துவிடலாம். கடற்கரையிலும் தோணித் துறையிலும் எறிவதும் அடுப்பில் போடுவதும் கூடாது.